வீட்டுக்கு வந்த ஒளியியல் நார்: வீட்டு வலையமைப்பை அமைத்தலும் பிழை காணலும்

(க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – கணினி வலையமைப்புகள் அலகுக்கான விளக்கக் கட்டுரை)



கணினி வலையமைப்புகள் என்ற அலகில் ஊடகங்கள், கருவிகள், முகவரிகள், பாதுகாப்பு எனப் பல தலைப்புகள் உள்ளன. மாணவர் பலர் இவற்றைத் தனித்தனி வரைவிலக்கணங்களாக மனனஞ் செய்கின்றனர். வினாத்தாளில் வினா சற்று மாறி வந்ததும் தடுமாறுகின்றனர். இவை யாவும் ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் இடம் ஒன்று நம் வீட்டிலேயே உண்டு. அதுவே வீட்டு இணைய இணைப்பு. இலங்கையின் பல பகுதிகளில் இன்று ஒளியியல் நார் வழியான அகலப்பட்டை இணைப்பு வீடுகளுக்குக் கிடைக்கின்றது. அந்த இணைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வலகை நோக்குவோம்.

2020 ஆம் ஆண்டில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட போது, இணைய இணைப்பின் தரம் மாணவரின் கல்வியையே தீர்மானித்ததை நாம் அறிவோம். இன்றும் நிகழ்நிலை வகுப்பு இடையில் நின்றுவிட்டால் பாதிக்கப்படுபவர் மாணவரே. பெற்றோர் மாதந்தோறும் கட்டணஞ் செலுத்திப் பெறும் வேகம், படிக்கும் மேசை வரை வந்து சேர்கிறதா என்பதே இங்கு முக்கிய வினா.

இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. அதை முதலில் மனத்திற் கொள்க:

ஒரு வலையமைப்பின் வேகம், அதன் பாதையிலுள்ள மிக மெதுவான பகுதியின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க முடியாது.

எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டுக்குச் செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகமுடைய இணைப்பு வழங்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். ஹோலில் வடம் மூலம் இணைத்த கணினியில் 95 மெகாபிற்று கிடைக்கிறது. பின்னறையில் தொலைபேசியில் 8 மெகாபிற்று மட்டுமே கிடைக்கிறது. இங்கு குறை நாரில் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் கடைசிப் பத்து மீற்றரில் உள்ளது. அந்தப் பத்து மீற்றரைச் சீர்செய்வது நம் கையில் உள்ளது.

1. செப்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியியல் நார் ஏன்?

வழிப்படுத்தப்பட்ட ஊடகங்கள் மூன்று என்பதை நீங்கள் படித்துள்ளீர்கள். அவை முறுக்கிய சோடி வடம், ஓரச்சு வடம், ஒளியியல் நார் வடம் என்பனவாகும். முன்னர் வீடுகளுக்கு அகலப்பட்டை இணைப்பு வந்தது முறுக்கிய சோடியாகிய தொலைபேசிக் கம்பி வழியாகவே. ஏ.டீ.எஸ்.எல். எனப்படும் அம்முறையில், தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு வேகம் குறையும். அம்முறையின் பிந்திய வடிவத்திற்கூட, நிலையத்துக்கு மிக அருகிலேயே செக்கனுக்கு 24 மெகாபிற்று அளவான உச்ச வேகத்தை எதிர்பார்க்கலாம்.

ஒளியியல் நாரில் தரவு மின்னாகச் செல்வதில்லை. லேசர் ஒளியாகச் செல்கிறது. நாரின் நடுப்பகுதி அகணி எனவும், அதைச் சூழ்ந்த பகுதி உறை எனவும் கூறப்படும். அகணியின் முறிவுச் சுட்டி உறையின் முறிவுச் சுட்டியைவிடச் சற்று அதிகம். ஆதலால் அகணிக்குள் புகுந்த ஒளி முழு உட்தெறிப்பு அடைந்து வெளியேறாமல் முன்னோக்கிச் செல்கிறது. விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படித்த அதே தத்துவந்தான் இது. தொலைத்தொடர்பிற் பயன்படும் தனிப்பாங்கு நாரில் அகணியின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்குரோமீற்றர். உறையோடு சேர்த்து 125 மைக்குரோமீற்றர்.

இவ்வளவு மெல்லிய கண்ணாடி பல கிலோமீற்றர் தூரத்துக்கு ஒளியைக் கொண்டு செல்லும் என்பதை ஒரு காலத்தில் பலர் நம்பவில்லை. 1966 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் காவோ என்பவர் ஜோர்ஜ் ஹொக்ஹாமுடன் இணைந்து ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஒளி இழக்கப்படுவதற்குக் கண்ணாடியின் இயல்பு காரணமன்று, அதிலுள்ள மாசுகளே காரணம் என்றும், இழப்பைக் கிலோமீற்றருக்கு 20 டெசிபெல் அளவுக்குக் குறைத்தால் நாரைத் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என்றும் அவர் காட்டினார். 20 டெசிபெல் என்றால், ஒரு கிலோமீற்றர் சென்றபின் நூறில் ஒரு பங்கு ஒளியே மிஞ்சும். இன்றைய நாரில் 1550 நனோமீற்றர் அலைநீளத்தில் இழப்பு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல். அதாவது ஒரு கிலோமீற்றர் சென்றபின் நூறில் 95 பங்கு மிஞ்சும். காவோவுக்கு 2009 ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒளியியல் நாரின் நன்மைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

(அ) பட்டை அகலம் மிக அதிகம்.
(ஆ) நீண்ட தூரத்துக்குச் சைகை நலிவடைவது குறைவு.
(இ) மின்காந்த இடையூறு பாதிப்பதில்லை.
(ஈ) கண்ணாடி மின்னைக் கடத்தாது.

பிரதிகூலங்கள்: நார் முறிந்தால் ஒட்டுவதற்கு விசேட கருவி வேண்டும், கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும்.

2. நார் வீட்டுக்கு வரும் வழி

பல நாடுகளில் வீடுகளுக்கு நார் இணைப்பு வழங்கப் பயன்படும் முறை ஜீபொன் எனப்படும். இதன் நியமம் 2003 இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தால் வெளியிடப்பட்டது. இம்முறையில் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு நார், வழியில் உள்ள பிரிப்பான் ஒன்றில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கப்பட்டு வீடுகளுக்குச் செல்கிறது. பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை.

ஒரே நாரில் இரு திசைகளிலும் தரவு செல்வது எப்படி? இரு வேறு அலைநீளங்கள் பயன்படுகின்றன. வீட்டை நோக்கி வரும் ஒளி 1490 நனோமீற்றர். வீட்டிலிருந்து செல்லும் ஒளி 1310 நனோமீற்றர். இரண்டும் கண்ணுக்குத் தெரியா. ஆகவே நாரின் முனையில் வெளிச்சம் தெரியவில்லை என்பதற்காக அதனுள் உற்றுப் பார்க்கக் கூடாது. அது கண்ணுக்கு ஆபத்தானது.

வீட்டை நோக்கி வரும் மொத்த வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2.488 கிகாபிற்று. இதை 32 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினால் ஒரு வீட்டுக்கு 2488 ÷ 32 = 77.75 மெகாபிற்று கிடைக்கும். எல்லோரும் ஒரே கணத்தில் முழுமையாகப் பயன்படுத்துவது அரிது. ஆயினும் இரவு 8 மணிக்கு வேகம் குறைவதற்கும் அதிகாலையில் கூடுவதற்கும் இவ்வாறு பகிர்ந்து பயன்படுத்துவதும் ஒரு காரணமாகும்.

3. ஒரு பெட்டி, நான்கு தொழில்கள்

நார் வீட்டுக்குள் வந்து ஒரு சிறிய பெட்டியில் முடிகிறது. அதை ஓ.என்.ரீ. என்பர். தமிழில் ஒளியியல் வலையமைப்பு முடிவிடம் எனலாம். பேச்சு வழக்கில் எல்லோரும் அதனை 'ரவுட்டர்' என்றே சொல்கின்றனர். உண்மையில் வீடுகளுக்கு வழங்கப்படும் பெட்டிகள் பலவற்றில் நான்கு கருவிகள் ஒன்றாக அடங்கியுள்ளன. வினாத்தாளில் இவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

(i) ஒளியியல் முடிவிடம்: ஒளிச் சைகையை மின் சைகையாகவும், மின் சைகையை ஒளிச் சைகையாகவும் மாற்றும்.

(ii) வழிச்செலுத்தி: வீட்டு வலையமைப்பையும் இணையத்தையும் இணைத்து, தரவுப் பொதிகளை உரிய வழியில் அனுப்பும்.

(iii) ஆளி: பெட்டியின் பின்புறமுள்ள மஞ்சள் அல்லது கறுப்பு நிறத் துறைகளில் வடம் மூலம் இணைக்கப்பட்ட கணினிகளிடையே, உரிய கணினிக்கு மட்டும் தரவை அனுப்பும்.

(iv) கம்பியில்லா அணுகு புள்ளி: வை-ஃபை மூலம் தொலைபேசி, மடிக்கணினி என்பவற்றை இணைக்கும்.

கவனிக்க: மோடெத்தின் தொழில் இலக்கமுறைச் சைகையை ஒப்புமைச் சைகையாகவும், ஒப்புமைச் சைகையை இலக்கமுறைச் சைகையாகவும் மாற்றுதல் ஆகும். தொலைபேசிக் கம்பி வழியான இணைப்புக்கு அது தேவைப்பட்டது. பழைய ஏ.டீ.எஸ்.எல். மோடெத்தில் நாரைச் செருக முடியாது. ஆகவே புதிய இணைப்புக்கு அது பயன்படாது.

இப்பெட்டியை மையமாகக் கொண்டு எல்லாக் கருவிகளும் தனித்தனியே இணைவதால், வீட்டு வலையமைப்பு விண்மீன் வடிவ இடத்துரி வலையமைப்பு ஆகும். ஒரு கருவி பழுதடைந்தால் ஏனையவை இயங்கும். மையப் பெட்டி பழுதடைந்தால் யாவும் நின்றுவிடும். விண்மீன் வடிவத்தின் நன்மையும் பிரதிகூலமும் இவையே.

4. அமைக்கும் படிமுறைகள்

படி 1: இடத்தைத் தெரிவு செய்தல். நாரைக் கொண்டுவரும் ஊழியர் வழக்கமாக வீதிக்கு அண்மையான மூலையில், பெரும்பாலும் முன்விறாந்தை அல்லது ஹோலின் ஓரத்தில் பெட்டியைப் பொருத்துவார். அவர் வருவதற்கு முன்னரே வீட்டார் இடத்தைத் தீர்மானித்து வைத்தால் நன்று. வீட்டின் நடுப்பகுதி, தரையிலிருந்து ஆளுயரம், திறந்த இடம் ஆகிய மூன்றும் பொருந்தும் இடமே சிறந்தது. அலுமாரிக்குள்ளோ, தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, குசினியில் நுண்ணலை அடுப்புக்கு அருகிலோ வைக்கக் கூடாது.

படி 2: நாரைக் காத்தல். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய நாரைத் தேநீர்க் கோப்பையின் வாயளவைவிடச் சிறிய வளையமாகச் சுற்றக் கூடாது. கதவிடுக்கில் அகப்படவோ, கதிரைக் கால் ஏறவோ விடக் கூடாது. அதன் செருகியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதும் கூடாது. முனையில் ஒட்டும் தூசியே சைகையைக் குறைக்கப் போதுமானது.

படி 3: விளக்குகளைப் பார்த்தல். பெட்டிக்கு மின் வழங்கியதும் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். 'பொன்' எனக் குறிக்கப்பட்ட விளக்கு விட்டு விட்டு எரிந்து, பின் நிலையாக எரியும். அப்பொழுது நிலையத்துடன் தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். 'லொஸ்' எனக் குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச் சைகை வந்து சேரவில்லை என்பது பொருள்.

படி 4: வடம் மூலம் முதலிற் சோதித்தல். வை-ஃபையை அமைப்பதற்கு முன் ஒரு கணினியை ஆர்.ஜே.45 செருகியுடைய வடத்தால் இணைத்து வேகத்தை அளந்து குறித்து வைக்க வேண்டும். வீட்டு வாசல் வரை வந்த வேகம் எவ்வளவு என்பதை இது காட்டும். பின்னர் எழும் குறைகளை ஒப்பிட்டுப் பார்க்க இந்த ஓர் எண் மிகவும் பயன்படும்.

வடத்தைத் தெரிவு செய்யும் பொழுது கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. முறுக்கிய சோடி வடத்தில் நான்கு சோடிகள், அதாவது எட்டுக் கம்பிகள் உள்ளன. செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகத்துக்கு இரு சோடிகள் போதும். 1000 மெகாபிற்று வேகத்துக்கு நான்கு சோடிகளும் வேண்டும். எட்டில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு வேலை செய்யக் கூடும். ஆனால் வேகம் 100 ஆகக் குறைந்துவிடும். 300 மெகாபிற்று இணைப்பில் எப்பொழுது அளந்தாலும் 95 அளவே வருகிறதென்றால், பழைய ஆளியையோ பழுதான வடத்தையோ சந்தேகிக்க வேண்டும். 'கற் 5ஈ' வகை வடம் 1000 மெகாபிற்று வேகத்தை 100 மீற்றர் வரை தாங்கும். வீட்டுக்கு அது தாராளம்.

படி 5: வை-ஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அமைத்தல். இதனைப் பாதுகாப்புப் பகுதியில் விளக்குவோம்.

5. வை-ஃபை: இரு மீடிறன்கள்

வை-ஃபை என்பது வழிப்படுத்தப்படாத ஊடகமாகிய வானொலி அலையைப் பயன்படுத்துகிறது. பெட்டிகள் பல இரு மீடிறன் பட்டைகளில் அலைகளை அனுப்புகின்றன. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். அலைநீளம் = வேகம் ÷ மீடிறன் என்ற சமன்பாட்டின்படி முதலாவதன் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர். இரண்டாவதன் அலைநீளம் 6 சென்ரிமீற்றர்.

2.4 கிகாஹேர்ட்ஸ்: தூரம் அதிகம். சுவரை ஊடுருவுதல் ஓரளவு நன்று. வேகம் குறைவு. புளூரூத், நுண்ணலை அடுப்பு, அயலவரின் வை-ஃபை யாவும் இதே பட்டையில் இருப்பதால் நெரிசல் அதிகம்.

5 கிகாஹேர்ட்ஸ்: வேகம் அதிகம். நெரிசல் குறைவு. ஆனால் தூரம் குறைவு. தடித்த சுவரில் விரைவாக நலிவடையும்.

ஆகவே பெட்டி இருக்கும் அறையில் 5 கிகாஹேர்ட்சையும், இரு சுவர்களுக்கு அப்பால் 2.4 கிகாஹேர்ட்சையும் பயன்படுத்துவது பொதுவாகப் பொருந்தும். 2.4 பட்டையில் ஒன்றோடொன்று கலவாத அலைவரிசைகளாக 1, 6, 11 ஆகிய மூன்றும் கொள்ளப்படுகின்றன. அடுத்த வீட்டார் 6 ஐப் பயன்படுத்தினால் நாம் 1 அல்லது 11 ஐத் தெரிவு செய்யலாம்.

நம் வீடுகளிற் சீமெந்துச் சுவர்களும் கொங்கிறீற் தளங்களும் அதிகம். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் அலையை மிகவும் நலிவடையச் செய்யும். மேல்மாடியில் படிப்பவருக்கு வேகம் கிடைக்காதிருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன.

(அ) பெட்டியை வேறிடத்துக்கு மாற்றுதல். செலவு மிகக் குறைவு. ஆனால் நாரை நீட்டுவது சேவை வழங்குநர் செய்யவேண்டிய வேலை.

(ஆ) மேல்மாடிக்கு ஒரு வடம் இழுத்து, அங்கு இரண்டாவது அணுகு புள்ளி வைத்தல். வேகம் குறையாமல் கிடைக்கும் வழி இது.

(இ) வை-ஃபை மீள்செலுத்தி வைத்தல். வடம் தேவையில்லை. ஆனால் சாதாரண மீள்செலுத்தி ஒரே அலைவரிசையில் வாங்கி மீண்டும் அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ அரைவாசியாகும். இதை அலை நலிவடைந்த பின்னறையிலேயே வைப்பது பயனற்றது. அலை நன்றாக இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும்.

6. முகவரிகள்: விடுதியும் கடிதமும்

வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பீ. முகவரி வேண்டும். நான்காம் பதிப்பு முகவரி 32 பிற்றுக்கள் கொண்டது. அது புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக எழுதப்படும். ஒவ்வோர் எண்ணும் 0 இலிருந்து 255 வரையே இருக்கலாம். மொத்தம் 2 இன் 32 ஆம் வலு, அதாவது 4,294,967,296 முகவரிகளே உள்ளன. உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் இவை போதா.

இதற்காகவே வீட்டுக்குள் தனியார் முகவரிகள் பயன்படுகின்றன. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் இவ்வகையின. வெளியுலகுக்கு வீடு முழுவதற்கும் ஒரே முகவரிதான் தெரியும். இதை ஒரு மாணவர் விடுதியோடு ஒப்பிடலாம். விடுதிக்குத் தபால் முகவரி ஒன்று. உள்ளே அறை இலக்கங்கள் பல. 5 ஆம் அறை மாணவர் எழுதிய கடிதம் விடுதியின் முகவரியோடு வெளியே செல்கிறது. பதில் வந்ததும் விடுதிப் பொறுப்பாளர் தமது குறிப்பேட்டைப் பார்த்து அதை 5 ஆம் அறைக்குக் கொடுக்கிறார். வழிச்செலுத்தியும் இவ்வாறே எந்தக் கருவி எதைக் கேட்டது என்பதைக் குறித்து வைத்து, வந்த தரவை உரிய கருவிக்கு அனுப்புகிறது. இது வலையமைப்பு முகவரி பெயர்ப்பு எனப்படும்.

அறை இலக்கங்களை வழங்கும் வேலையையும் பெட்டியே செய்கிறது. புதிய தொலைபேசி இணைந்ததும், வெறுமையாக உள்ள ஒரு முகவரியை அதற்குக் கொடுக்கும். இந்த நடப்பொழுங்கு டீ.எச்.சீ.பீ. எனப்படும்.

இங்கு வீடுகளில் அடிக்கடி ஏற்படும் சிக்கல் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பழைய வழிச்செலுத்தி ஒன்றை அணுகு புள்ளியாக மேல்மாடியில் இணைக்கும் பொழுது, அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். ஒரு விடுதியில் இரு பொறுப்பாளர்கள் தனித்தனியே அறை கொடுத்தால் என்னவாகும்? ஓர் அறைக்கு இருவர் வருவர். கடிதங்கள் மாறிப் போகும். ஆகவே இரண்டாவது பெட்டியில் டீ.எச்.சீ.பீ.யை நிறுத்திவிட்டு, அதற்கு முதற்பெட்டியினதிலிருந்து வேறுபட்ட முகவரி ஒன்றைக் கொடுக்க வேண்டும். 'அணுகு புள்ளி' என்ற தெரிவு அதில் இருந்தால் அதைத் தெரிந்தால் போதும்.

7. வேகக் கணக்கு: பிற்றும் பைற்றும்

இணைப்பின் வேகம் பிற்றுக்களில் கூறப்படும். கோப்பின் அளவு பைற்றுக்களில் கூறப்படும். 8 பிற்று = 1 பைற்று. ஆங்கிலத்தில் எழுதும் பொழுது பிற்றுக்குச் சிற்றெழுத்தும் பைற்றுக்குப் பேரெழுத்தும் பயன்படும். இந்த வேறுபாட்டைக் கவனியாதோர் '100 வேகம் தருவதாகச் சொல்லி 12 தான் தருகிறார்கள்' எனக் கோபப்படுவர். 100 ÷ 8 = 12.5 ஆகையால் அது சரியான வேகமே.

எடுத்துக்காட்டு 1: 500 மெகாபைற்று அளவான பாட ஒளிப்பதிவு ஒன்றைச் செக்கனுக்கு 40 மெகாபிற்று வேகத்தில் பதிவிறக்க எடுக்கும் நேரம் யாது?
விடை: 500 × 8 = 4000 மெகாபிற்று. 4000 ÷ 40 = 100 செக்கன்.

எடுத்துக்காட்டு 2: நிகழ்நிலை வகுப்பு ஒன்று செக்கனுக்கு 1.5 மெகாபிற்றுப் பயன்படுத்துகிறது. ஒரு மணி நேர வகுப்புக்குச் செலவாகும் தரவு யாது?
விடை: 1.5 × 3600 = 5400 மெகாபிற்று. 5400 ÷ 8 = 675 மெகாபைற்று.

இரண்டாவது கணக்கை ஊன்றி நோக்குக. ஒரு வகுப்புக்குச் செக்கனுக்கு 1.5 மெகாபிற்றே போதுமெனில், 100 மெகாபிற்று இணைப்பில் வகுப்பு தடைப்படுவது இணைப்பின் வேகம் போதாமையால் அன்று. வை-ஃபை நலிவடைந்திருப்பதோ, வேறொரு கருவி அதே நேரத்தில் பெரிய கோப்புகளை இறக்குவதோ காரணமாகலாம். கூடிய கட்டணமுள்ள பொதிக்கு மாறுவதற்கு முன் இதைச் சோதித்தறிந்தால் வீட்டுச் செலவு மிஞ்சும். மாதத் தரவு வரையறையுள்ள பொதியாயின், மாதத்தில் எத்தனை வகுப்பு மணித்தியாலங்கள் என்பதையும் இக்கணக்கால் அறியலாம்.

8. பாதுகாப்பு

(i) பெட்டியின் நிருவாகக் கடவுச்சொல்லும் வை-ஃபை கடவுச்சொல்லும் வேறு வேறானவை. முதலாவது அமைப்புகளை மாற்றுவதற்கு. இரண்டாவது இணைவதற்கு. இரண்டையும் மாற்ற வேண்டும்.

(ii) குறியாக்க முறையாக டபிள்யூ.பீ.ஏ.2 அல்லது டபிள்யூ.பீ.ஏ.3 தெரிவு செய்யப்பட வேண்டும். டபிள்யூ.ஈ.பீ. என்னும் பழைய முறையை எளிதில் உடைக்க முடியும். ஆதலால் அதைத் தெரிவு செய்யக் கூடாது.

(iii) கடவுச்சொல் குறைந்தது 12 எழுத்துக்களாவது இருத்தல் நன்று. வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம், பிள்ளையின் பெயர் என்பன வேண்டாம்.

(iv) விருந்தினருக்கெனத் தனி வை-ஃபை அமைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துக.

(v) பெட்டியிலுள்ள தீச்சுவரை நிறுத்தக் கூடாது.

அயலவரின் வலையமைப்பில் அனுமதியின்றி நுழைவது விளையாட்டன்று. கணினியையோ அதிலுள்ள தகவலையோ அதிகாரமின்றி அணுகுவது இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். அதேபோல், நமது வை-ஃபை ஊடாகப் பிறர் செய்யும் தவறு வெளியுலகுக்கு நமது வீட்டு முகவரியிலிருந்து வந்ததாகவே தோன்றும். விடுதி உவமையை மீண்டும் நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

9. மின்வெட்டும் மின்னலும்

பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின் செப்புக் கம்பி வழியாக நிலையத்திலிருந்தே வந்தது. ஆகவே வீட்டில் மின் இல்லாத போதும் அது வேலை செய்தது. நார் மின்னைக் கொண்டு வராது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை மறந்திருக்க மாட்டீர்கள். மின் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். நாருடன் தொலைபேசியும் இணைந்திருந்தால் அதுவும் நின்றுவிடும். அவசர அழைப்புக்கு வேறு வழி இருக்க வேண்டும் என்பதை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். சிறிய தடையற்ற மின்வழங்கி ஒன்றைப் பொருத்தலாம். வாங்கு முன் பெட்டியில் எழுதப்பட்ட வோல்ற்றளவையும் அம்பியரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி நார் வழியாக மின்னல் தாக்கம் வராது. ஆனால் மின்வழங்கல் வழியாக வரலாம். ஆகவே ஏப்ரல், ஒக்ரோபர் மாதங்களின் மாலை நேர இடிமழையின் போது பெட்டியின் மின்செருகியைக் கழற்றி வைப்பது நன்று. நாரைக் கழற்றத் தேவையில்லை.

10. பிழை காணும் ஒழுங்கு

பிழையைத் தேடும் பொழுது வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்க வேண்டும்.

• விளக்கே எரியவில்லை: மின்வழங்கலைப் பார்க்க.
• 'லொஸ்' சிவப்பாக எரிகிறது: நார் வளைந்தோ முறிந்தோ இருக்கலாம். வெளியே தெரியும் வளைவை நேராக்குக. சரிவராவிடின் சேவை வழங்குநருக்கு அறிவிக்க.
• 'பொன்' நிலையாக எரிகிறது, வடத்திலும் வேகம் குறைவு: முதலில் வேறொரு வடத்தால் சோதிக்க. பின்னர் காலை, மாலை, இரவு என நேரத்துடன் அளந்து குறித்து, அக்குறிப்புடன் முறையிடுக.
• வடத்தில் வேகம் சரி, வை-ஃபையில் குறைவு: பெட்டியின் இடம், பட்டை, அலைவரிசை என்பவற்றை மாற்றுக.
• ஒரு கருவியில் மட்டும் பிழை: அக்கருவியை மீளத் தொடக்குக, வை-ஃபையை மறந்து மீண்டும் இணைக்க.

சுருக்கம்

நார் ஒளியைக் கொண்டு வருகிறது. முடிவிடம் அதை மின் சைகையாக்குகிறது. வழிச்செலுத்தி வழிகாட்டுகிறது. ஆளியும் அணுகு புள்ளியும் கருவிகளுக்குப் பகிர்கின்றன. இவற்றுள் எது மெதுவானதோ அதுவே முழு வலையமைப்பின் வேகமாகும்.

மாதிரி வினாக்கள்

1. 192.168.1.256 என்பது செல்லுபடியான ஐ.பீ. முகவரியா? காரணந் தருக.
2. 60 மெகாபைற்றுக் கோப்பைச் செக்கனுக்கு 40 மெகாபிற்று வேகத்தில் பதிவிறக்க எடுக்கும் நேரத்தைக் காண்க.
3. வீட்டு வலையமைப்பில் மையப் பெட்டி பழுதடைந்தால் யாவும் நிற்பது ஏன்?
4. செக்கனுக்கு 300 மெகாபிற்று இணைப்புள்ள வீட்டில், வடத்தால் இணைத்த கணினியில் எப்பொழுதும் 95 மெகாபிற்றே கிடைக்கிறது. இரு காரணங்களைக் கூறுக.

விடைகள்

1. இல்லை. ஒவ்வோர் எண்ணும் 0 – 255 வீச்சினுள் இருத்தல் வேண்டும். 256 அதனுள் அடங்காது.
2. 60 × 8 ÷ 40 = 12 செக்கன்.
3. அது விண்மீன் வடிவ அமைப்பு. எல்லாக் கருவிகளும் மையத்தினூடாகவே தொடர்புகொள்கின்றன.
4. 100 மெகாபிற்று வேகமுடைய பழைய ஆளி. நான்கு சோடிகளும் சரிவர இணையாத வடம்.

இக்கட்டுரையை வாசித்து முடித்ததும் வீட்டிலுள்ள பெட்டியின் முன் சென்று, அதன் துறைகளையும் விளக்குகளையும் பெயர் குறித்து ஒரு படம் வரைந்து பாருங்கள். படத்தில் குறிக்க முடியாத பகுதி எதுவோ, அதையே மீண்டும் படியுங்கள்.